பரிகாரம் மட்டும் போதுமா?

தவக்கால மறையுரை



மார்ச் மாதம் வந்தால் எம்மவர் குடும்பங்கள் பலவற்றில் தலவிலப் பயணப் பேச்சு எழும். பிள்ளைகுட்டிகளையும் சமையற் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு புனித அன்னம்மாளின் சந்நிதிக்குப் புறப்படுகிறோம். பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி வீதியில் ஏறியதும் வாகனத்திற்குள் செபமாலை தொடங்கிவிடும். அந்த வீதிக்கு ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல். களப்பின் ஓரத்திலே கண்டல் மரங்கள் சேற்றில் வேரூன்றி நிற்கின்றன. கடலின் ஓரத்திலே நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் உயர்ந்து நிற்கின்றன. இந்தத் தவக்காலத்தில் அந்தக் கண்டலையும் அந்தப் புகைபோக்கியையும் அருகருகே வைத்துச் சிந்திக்க உங்களை அழைக்கிறேன்.

ஏனெனில் இன்று எங்கு பார்த்தாலும் ஒரு நல்ல சொல் கேட்கிறது. "மரம் நடுவோம், அழிந்த காட்டை மீட்போம், கண்டலை வளர்ப்போம், பூமி குளிரும்" என்கிறார்கள். பாடசாலைகளிலே நடுகிறார்கள், கோயில் வளவுகளிலே நடுகிறோம், கம்பனிகளும் நடுகின்றன. நடுவது நல்லது. ஆனால் "நட்டுவிட்டோம், ஆகவே கணக்குத் தீர்ந்தது" என்று நெஞ்சு ஆறுதல் கொள்ளுமாயின், அந்த ஆறுதல் உண்மையானதா? இதுவே இன்றைய கேள்வி.

ஐந்து காரியங்கள்

சிறுவயதில் ஞானோபதேச வகுப்பிலே எமது பாட்டன் பாட்டிமார் மனப்பாடம் செய்த பாடம் ஒன்று உண்டு. நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியங்கள் வேண்டும்: ஆத்தும சோதனை செய்தல், பாவத்துக்காக மனஸ்தாபப்படுதல், இனிமேல் அந்தப் பாவத்தைச் செய்வதில்லை என்று பிரதிக்கினை பண்ணுதல், குருவிடம் பாவத்தை வெளிப்படுத்துதல், குரு கட்டளையிட்ட அபராதத்தைத் தீர்த்தல்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். அபராதம் கடைசியில் வருகிறது. பிரதிக்கினை அதற்கு முந்தி வருகிறது. அயலவன் வேலியைத் தள்ளிப்போட்டு நிலம் பிடித்தவன், ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து அபராதமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை வேலியை இன்னும் ஒரு முழம் தள்ளுவானாயின், அவனுடைய செபத்தில் குற்றமில்லை. ஆனால் அவன் செய்தது பாவசங்கீர்த்தனமும் இல்லை.

அழிந்த காட்டையும் கண்டலையும் மீட்பது இப்பூமிக்கு நாம் செய்யும் பரிகாரம். அது கடமை. ஆனால் பிரதிக்கினை இல்லாத பரிகாரம் தன்னையே ஏமாற்றுவதாகும். இதை வெறும் உவமையாகச் சொல்லவில்லை. கணக்கும் அப்படித்தான் சொல்கிறது. முதலில் ஆத்தும சோதனை செய்வோம்.

புகைபோக்கியும் கண்டலும்

நுரைச்சோலையில் முந்நூறு மெகாவாற்று வீதம் மூன்று இயந்திரங்கள் உள்ளன. முதலாவது 2011இல் இயங்கத் தொடங்கியது. மூன்றும் 2014இல் நிறைவுற்றன. அந்த இடத்தில் நிலையம் அமைக்கும் பேச்சு எழுந்த காலத்தில் கடற்றொழிலாளரும் குருக்களும் எதிர்ப்புத் தெரிவித்ததை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆயினும் இன்று எமது பிள்ளைகள் படிக்கும் மின்விளக்கின் வெளிச்சத்தில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது. ஆகையால் கல்லெறியும் மனதோடு இதைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கணக்காகவே பார்ப்போம்.

அங்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 இலட்சம் தொன் நிலக்கரி எரிகிறது. எரியும் கரி காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்வதால், ஒரு தொன் நிலக்கரியிலிருந்து இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட காபனீரொட்சைட்டு வெளிவருகிறது. ஆகவே ஆண்டுக்கு 40 இலட்சம் தொன்னுக்குக் குறையாது என்று வைத்துக்கொள்வோம்.

இனி வீதியின் மறுபக்கம். நன்றாக வளரும் ஒரு ஹெக்டேயர் கண்டல் ஆண்டொன்றில் எவ்வளவு காபனீரொட்சைட்டை உள்ளிழுக்கும்? தாராளமாகவே 20 தொன் என்று கொள்வோம். பல இடங்களில் இதைவிடக் குறைவு. இலங்கைத் தீவு முழுவதிலும் இருக்கும் கண்டல் 15,000 முதல் 20,000 ஹெக்டேயர் வரையில்தான் என்று மதிப்பிடுகிறார்கள். அத்தனையும் சேர்ந்து உள்ளிழுத்தாலும் ஆண்டுக்கு நாலு இலட்சம் தொன். அதாவது, யாழ்ப்பாணக் களப்பு முதல் மட்டக்களப்பு வாவி வரை, புத்தளம் முதல் திருகோணமலை வரை உள்ள கண்டல் முழுவதும், இந்த ஒரு நிலையத்தின் புகையில் பத்தில் ஒரு பங்கைத்தான் ஈடுசெய்யும். மிச்சத்தை ஈடுசெய்ய இன்னும் ஒன்பது இலங்கைகளின் கண்டல் வேண்டும். அதற்குக் கரை எங்கே இருக்கிறது?

அதுவும் ஒரேயொரு நிலையத்தின் கணக்கு. உலகம் முழுவதிலும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதால் ஆண்டுதோறும் 3,700 கோடி தொன்னளவு காபனீரொட்சைட்டு வளிமண்டலத்திற் சேர்கிறது. அதிலே எமது நாட்டின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை.

குதிர் கொள்ளும் அளவு

இதற்குள் இருக்கும் காரணத்தை ஒரு வீட்டுப் பொருளால் விளக்கலாம். முன்னர் எமது வீடுகளில் நெல்லுக்குக் குதிர் இருந்தது. அறுவடைக்கு நிரப்புவோம், சமைக்க எடுப்போம், மறுபடி நிரப்புவோம். குதிரிலிருந்து எடுத்ததைக் குதிருக்குள் திருப்பிப் போடலாம். ஆனால் எங்கோ நிலத்தின் கீழே முன்னோர் புதைத்து வைத்த பெருங்களஞ்சியம் ஒன்றை உடைத்து, அந்த நெல்லையெல்லாம் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டினால், குதிர் அதைக் கொள்ளுமா? திண்ணையிலும் முற்றத்திலும் கொட்டிக் கிடக்கும்.

காடும் கண்டலும் மண்ணும் குதிர். மரம் வளரும்போது காபன் உள்ளே போகிறது. வெட்டும்போதும் எரியும்போதும் உக்கும்போதும் வெளியே வருகிறது. நிலக்கரியோ பெருங்களஞ்சியம். ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த சதுப்புக் காடுகள் மண்ணுள் அமிழ்ந்து கரியாகின. இறைவனின் பொறுமையான கரம் அத்தனை காலம் எடுத்துப் பூட்டி வைத்ததை, நாம் ஒரு சில தலைமுறைகளுக்குள் திறந்து எரிக்கிறோம். 1850ஆம் ஆண்டிலிருந்து மனிதர் வளியில் சேர்த்த காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கு காடழித்ததாலும் நிலத்தைத் திருத்தியதாலும் வந்தது. 70 பங்கு களஞ்சியத்தை எரித்ததால் வந்தது. நிலம் தான் இழந்ததைத்தான் திரும்ப ஏற்கக்கூடும். களஞ்சியத்தை உடைத்து எடுத்ததையெல்லாம் அது ஏற்கமாட்டாது.

இன்னுமொன்று. நாம் வெளியிடுவதில் ஏறத்தாழப் பாதியைக் கடலும் காடும் ஏற்கெனவே கூலி கேளாமல் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அப்படியிருந்தும், தொழிற்சாலைகள் பெருகுமுன் வளியின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு, 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது. சுமக்கிற தாயின் தலையில் இன்னும் ஒரு கடகத்தை ஏற்றிவிட்டு, "அம்மா பார்த்துக்கொள்வா" என்பது பிள்ளைகளுக்கு அழகல்ல.

சூடு மீட்டதையும் கெடுக்கிறது

குதிருக்குள் போட்டது அங்கேயே இருக்கும் என்ற உறுதியும் இல்லை. 2023ஆம் ஆண்டு கனடாவில் மூண்ட காட்டுத்தீயில் ஏறத்தாழ ஒரு கோடியே 50 இலட்சம் ஹெக்டேயர் எரிந்தது. இது இலங்கையைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான பரப்பு. பல்லாண்டாக மரங்கள் சேமித்த காபன் ஒரே கோடையில் புகையாகிப் போனது.

அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. கற்பிட்டிக்கு அப்பால் கடலில் விரிந்து கிடக்கும் முருகைக்கற் பாறைத் தொடரை அங்குள்ள கடற்றொழிலாளர் அறிவர். 1998இல் கடல்நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறியபோது அந்த முருகைகள் வெளிறிப் பெரும்பகுதி இறந்தன. ஆண்டுகள் பல சென்று மெல்ல மெல்லத் தளிர்த்து வந்தவை 2016இல் மறுபடியும் சூட்டினால் தாக்குண்டன. அங்கே யாரும் கோடரி கொண்டு வெட்டவில்லை. சூடுதான் வெட்டியது. ஆகவே புகையை நிறுத்தாமல் காட்டையும் கடலையும் மீட்கப் பார்ப்பது, தோணியின் ஓட்டையை அடைக்காமல் நீரை இறைத்துக்கொண்டிருப்பது போன்றது. இறைக்கத்தான் வேண்டும், இறைக்காவிட்டால் இப்போதே தாழும். ஆனால் ஓட்டையை அடைக்காதவன் கரை சேரமாட்டான்.

நட்டவை எங்கே?

2004 டிசெம்பர் 26ஆம் நாளை எந்தக் கரையோரக் குடும்பமும் மறக்காது. முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் மட்டக்களப்பிலும் எத்தனை பெயர்களை நாம் இன்றும் திருப்பலியில் நினைவுகூருகிறோம்! அந்தக் கண்ணீரின் பின்னர், கண்டல் கரையைக் காக்கும் என்ற நம்பிக்கையில் நாடெங்கும் நடுகை நடந்தது. பணம் வந்தது; தொண்டர்கள் வந்தார்கள்; படங்களும் எடுக்கப்பட்டன.

பின்னர் எமது நாட்டு ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவொன்று 23 இடங்களுக்குச் சென்று பார்த்து, 2017இல் தம் ஆய்வை வெளியிட்டது. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரையில் நடுகைக்கு முயன்றிருந்தார்கள். அதில் தேறியது 200 முதல் 220 ஹெக்டேயர் வரைதான். ஒன்பது இடங்களில் நட்ட கன்று ஒன்றுகூட எஞ்சவில்லை. காரணம் என்ன? வற்றுப்பெருக்கு எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும் என்று பாராமல் பிழையான இடத்தில் நட்டார்கள். நட்டபின் திரும்பிப் பார்க்கவில்லை. மாடுகள் மேய்ந்தன, மிதித்தன. கடற்றொழிலாளி ஒருவரிடம் கேட்டிருந்தால், "ஐயா, இந்த இடத்தில் கண்டல் நிற்காது" என்று ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார்.

அன்பானவர்களே, விதைப்பவனின் உவமையை ஆண்டவர் எதற்காகச் சொன்னார்? விதையில் குற்றமில்லை. பாறையிலும் முட்புதரிலும் விழுந்தது பலன் தரவில்லை. நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுவதை விட்டு, ஐந்து ஆண்டுகளுக்குப் பின் நிற்கும் மரங்களை எண்ணுவோம்.

நட்டு வளர்ப்பதற்கு முன், இருப்பதை வெட்டாமற் காப்பது எத்தனையோ மடங்கு மேல். முதிர்ந்த கண்டலின் அடியிலுள்ள சேறு நூற்றாண்டுகளாகச் சேர்த்த காபனைப் பொத்தி வைத்திருக்கிறது. 1980களிலும் 1990களிலும் புத்தளம் களப்பைச் சுற்றி இறால் பண்ணைகளுக்காகக் கண்டல் வெட்டப்பட்டது. பின்னர் நோய் வந்து பண்ணைகள் பல கைவிடப்பட்டன. வெறுங் குழிகள் மிஞ்சின. வெட்ட ஒரு வாரம் போதும். மீட்க ஒரு தலைமுறை வேண்டும்.

யாருடைய நிலம்?

இங்கே நீதியின் கேள்வியும் எழுகிறது. உலக நாடுகள் காலநிலைக்காக நிலத்தின்மேல் கொடுத்த வாக்குறுதிகளை ஆய்வாளர் சிலர் 2022இல் கூட்டிப் பார்த்தனர். அவற்றை நிறைவேற்ற ஏறத்தாழ 120 கோடி ஹெக்டேயர் நிலம் வேண்டியிருந்தது. இந்தியா முழுவதையும் போல் மூன்று மடங்குக்கும் அதிகம்! அந்த நிலம் வெறுமையாகக் கிடக்கிறதா? அதில் உழவர் இருக்கிறார்கள், இடையர் இருக்கிறார்கள், காட்டை நம்பி வாழும் பழங்குடிகள் இருக்கிறார்கள்.

நிலம் இழப்பது என்னவென்று எமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. போரினால் இடம்பெயர்ந்து ஆண்டுகள் கழித்து வன்னிக்குத் திரும்பிய எம்மவரில் சிலர், தாம் விட்டுப்போன வயல் பற்றைக்காடாகியிருப்பதையும், அது காடென்றே அறிவிக்கப்பட்டு எல்லைக்கல் நாட்டப்பட்டிருப்பதையும் கண்டார்கள். காடு வேண்டும். ஆனால் ஏழையின் காணியைப் பிடித்துத்தான் காடு வளர்க்கவேண்டும் என்றால், அது நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை ஆகாபு அரசன் பறித்த கதையாகிவிடும்.

இன்று பணக்கார நாடுகளிலுள்ள கம்பனிகள் தங்கள் புகையைக் குறைக்காமலே, ஏழை நாடுகளில் மரம் நட அல்லது காட்டைக் காக்கப் பணம் கொடுத்து, "காபன் வரவு" என்று பத்திரம் வாங்கிக்கொள்கின்றன. எமது திருச்சபையின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது புதிய கதையல்ல. ஞானப்பலனைக் காசுக்கு விற்ற கேடு ஒரு காலத்தில் எம்மிடையே இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் திரிதெந்துப் பொதுச்சங்கம் அந்த வியாபாரத்துக்கு முடிவு கட்டியது. காசு கொடுத்து மன்னிப்பு வாங்க முடியாது என்று பெரும் விலை கொடுத்துக் கற்றவர்கள் நாம். மற்றவர்களுக்கு அதைச் சொல்லும் கடமையும் எமக்குண்டு.

2015 தை மாதத்தில் மடுமாதாவின் சந்நிதிக்கு வந்து எம்மை ஆசீர்வதித்த திருத்தந்தை பிரான்சிஸ், அதே ஆண்டு வைகாசியில் கையொப்பமிட்ட படைப்பைப் பற்றிய சுற்றுமடலில் இதையே எச்சரித்தார். காபன் வரவுகளை வாங்கி விற்பது புதியதொரு சூதாட்டமாகி, சிலர் தமது மிதமிஞ்சிய நுகர்வைத் தொடர்வதற்குச் சாக்காகலாம் என்றார். 2023 ஐப்பசி 4ஆம் நாள் வெளியிட்ட மடலிலும், வெடிப்பை மேலால் பூசி மறைப்பது மருந்தாகாது என்ற கருத்தை மறுபடியும் வலியுறுத்தினார். 2025இல் அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் வைத்த கேள்வி எம்மோடு இருக்கிறது.

சக்கேயுவின் வீட்டில்

எரிக்கோ நகரில் ஆண்டவர் ஒரு வரிதண்டுவோனின் வீட்டுக்குப் போனார். சக்கேயு மரத்திலிருந்து இறங்கினான்; மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டான்; உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புவதாகவும் சொன்னான். இது பரிகாரம்; மிகவும் தாராளமான பரிகாரம். ஆனால் மறுநாட் காலையில் அவன் பழையபடி ஆயத்துறையில் குந்தியிருந்து பழைய அநியாய வரியையே தண்டினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாலு மடங்கு எங்கிருந்து வந்திருக்கும்? இன்னொரு ஏழையின் மடியிலிருந்துதானே! அவன் மனம் மாறியபடியால்தான் அந்த வீட்டுக்கு மீட்பு வந்தது. திருப்பிக் கொடுத்தது அந்த மனமாற்றத்தின் கனி.

ஆகவே எமது பிரதிக்கினை என்ன?

முதலாவது, பெரிய பிரதிக்கினை பெரியவர்களுக்குரியது. எரிபொருளால் வரும் காபனீரொட்சைட்டு உலகில் ஆளுக்குச் சராசரி நாலரைத் தொன்னுக்கு மேல். ஐக்கிய அமெரிக்காவில் 13 தொன்னுக்கு மேல். எமது நாட்டில் ஏறத்தாழ ஒரு தொன். நிலக்கரியையும் எண்ணெயையும் விட்டுவிலக வேண்டிய முதற் பொறுப்பு யாருடையது என்பது இதிலேயே தெரிகிறது. வெளிநாடுகளில் வாழும் எமது பிள்ளைகள் அந்த நாடுகளின் வாக்காளர்கள். அவர்கள் அங்கே இதைக் கேட்கட்டும். வீட்டுக்கு எடுக்கும் தொலைபேசியில் நாமும் இதைப் பேசலாம்.

இரண்டாவது, எமது பங்கு சிறிதென்பதற்காக எமக்குப் பிரதிக்கினை வேண்டாம் என்பதல்ல. கோயிற் கூரையில் சூரிய மின்தகடு போடலாம். திருவிழாவுக்கு விடிய விடிய எரியும் அலங்கார விளக்குகளையும் டீசல் இயந்திரங்களையும் குறைக்கலாம். மாற்று மின்சாரத்திலும் நீதி வேண்டும்: மன்னார்த் தீவில் 2020இல் 30 காற்றாலைகள் எழுந்தன, மேலும் வருவதை எதிர்த்து 2025இல் மக்கள் வீதியில் இறங்கினார்கள். காற்று நல்லது, ஆனால் அங்கு வாழ்பவர்களைக் கேளாமல் செய்யும் நன்மை அரைகுறை நன்மை.

மூன்றாவது, நடுவதை நிறுத்தவேண்டாம்; நன்றாக நடுவோம். எந்தப் பங்கிலாவது கண்டல் நடுவதென்றால் முதலில் அவ்வூர்க் கடற்றொழிலாளரைக் கேளுங்கள். யார் காவல், யார் ஐந்து ஆண்டு பராமரிப்பார் என்று தீர்மானித்துவிட்டுக் கன்றைத் தொடுங்கள். பணம் தருபவரிடம், "உங்கள் புகையைக் குறைத்துவிட்டீர்களா?" என்று மரியாதையோடு ஒரு கேள்வி கேளுங்கள். கண்டல் மீனுக்கும் நண்டுக்கும் தொட்டில், கரைக்கு வேலி, குடிசைக்குக் காற்றுத்தடை. பூமியைக் குளிரவைக்க அது மட்டும் போதாவிட்டாலும், வாடியில் வாழும் குடும்பத்துக்கு அது சோறு. பாவத்துக்கு விலையாக அல்ல, அன்பின் கடமையாக நடுவோம்.

விபூதிப் புதனன்று எமது நெற்றியில் சாம்பல் பூசப்பட்டது. சென்ற ஆண்டு கையிற் பிடித்து ஓசன்னா பாடிய குருத்தோலை எரிந்து வந்த சாம்பல் அது. பசுமையாய் இருந்தது எரிந்தால் என்னாகும் என்பதை அந்த அடையாளம் சொல்லாமற் சொல்கிறது. மனந்திரும்பும்படி அழைக்கிறது, திரும்பாமல் நெற்றியை மட்டும் காட்டுபவனுக்கு அது வெறுஞ் சாம்பல்தான்.

அடுத்த முறை கற்பிட்டி வீதியில் செபமாலையோடு போகும்போது, களப்பின் பக்கம் பார்த்து இறைவனுக்கு நன்றி சொல்லுங்கள். கடலின் பக்கம் பார்த்து உத்தம மனஸ்தாப மந்திரம் ஒன்று சொல்லுங்கள். அதில் இனிமேல் செய்வதில்லை என்ற பிரதிக்கினை வருமிடத்தில் சற்று நிறுத்திச் சொல்லுங்கள். கன்னிமரியாளை வளர்த்தெடுத்த அன்னம்மாள், எமது பேரப்பிள்ளைகளுக்காகவும் வேண்டிக்கொள்வாராக. ஆமென்.